சூசைமுத்துப் பாட்டு

1

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு சின்ன அரங்கத்தில் என் மகள் கிளாரா பாடினாள். அவள் பாடுவது புதிதல்ல. காலேஜ் முடித்ததிலிருந்து ஓட்டல்களிலும் விருந்துகளிலும் ஆங்கிலப் பாட்டுப் பாடித்தான் பிழைக்கிறாள். கிட்டார் வாசிப்பவர் சீனர், டிரம்ஸ் அடிப்பவர் மலாய்க்காரர். நான் போய்க் கேட்பது அபூர்வம். பாட்டும் புரியாது, அவள் போட்டுக்கொள்ளும் உடுப்பும் எனக்குச் சங்கடம். அன்று கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நம்ம ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடப்போறேம்மா. கேட்டா அப்படியே ஒரு சோல் சாங் மாதிரி இருக்கும்" என்றாள் காரில்.

"சோல்னா?"

"ஆத்மா. ஆத்மாவோட பாட்டு."

எங்களுக்கு ஆத்துமாப் பாட்டு என்றால் கல்லறைத் திருநாளில் பாடுவது. "செத்தவங்களுக்குப் பாடுறத எதுக்கு மேடையில பாடுற?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு பொறுமையாக விளக்கினாள். அமெரிக்காவில் கறுப்பு மக்கள் கோயிலில் ஆண்டவரைக் கூப்பிட்டுப் பாடிய ராகத்தையே எடுத்து, விட்டுப்போன புருஷனையும் காதலனையும் கூப்பிட்டுப் பாடினார்களாம். அப்படிப் பிறந்த பாட்டுகளாம் அவை. கோயிலில் இருந்த பெரியவர்களுக்கு முதலில் கோபம் வந்ததாம்.

"கோபம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"பின்ன? சாமி ராகத்துல மனுஷனைக் கூப்பிட்டா?"

எந்தப் பாட்டைப் பாடப்போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மேடையில் அவள் இப்படிச் சொன்னாள்: "இது அரியலூர் பக்கத்துல யாரோ ஒரு ஏழைப் பெண் கட்டின பாட்டு. அவங்க பேர் யாருக்கும் தெரியாது. மலாயாவுக்கு வந்த புருஷனுக்காகச் சாகிற வரைக்கும் காத்திருந்தாங்க. அவர் வரவே இல்லை." பிறகு பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த யாரோ ஒரு பெண் சின்ன வயதில் கிளாராவின் தலையில் எண்ணெய் வைத்துப் பேன் பார்த்தவள். என் அம்மா. அந்தப் புருஷன் என் அப்பா.

இதை ஊரில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இன்றும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் என்று போய்வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

2

எங்கள் ஊர் ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்குப் பக்கம். நிலமில்லாத கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. அப்பா சூசைமுத்து ஒரு பண்ணையில் வேலை பார்த்தார். அம்மா சவரியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா மலாயாவுக்குக் கப்பலேறினார். வரதராஜன்பேட்டையிலிருந்து முன்பே போயிருந்த பங்காளி ஒருவர், ரப்பர்த் தோட்டத்தில் வேலை இருக்கிறது, வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, நமக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு.

முதலில் கடிதம் வந்தது. பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அதோடு கடிதம் நின்றுபோனது. எங்கள் தெருவில் மட்டும் பல வீடுகளில் ஆண்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. துணிக்குக் கன்ட்ரோல். அம்மா இருந்த ஒரு புடவையைத் துவைத்துக் காயவைக்க ராத்திரிதான் நேரம். தாலியைக் கழற்றவும் முடியாது, கட்டியிருக்கிறோம் என்று நிமிர்ந்து நடக்கவும் முடியாது. அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அதே நிலைமைதான்.

பாட்டு பிறந்த கதையை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ஞானம் பெரியம்மா. ஏரி நிறைந்த வருஷம் அது. நடவுக்கு இறங்கிய பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பாட்டு இல்லாவிட்டால் கை ஓடாது.

"என்னங்கடி, எழவு வூட்டுக்கா வந்துருக்கீங்க? யாராவது பாடுங்க" என்று பண்ணையின் காரியக்காரர் வரப்பிலிருந்து சத்தம் போட்டாராம்.

அம்மா குனிந்த தலை நிமிராமல் ஆரம்பித்தாளாம்.

கப்பலேறிப் போனவரே கரை உனக்குத் தெரியலையா
கைப்புள்ள கேக்குதய்யா காது உனக்குக் கேக்கலையா
ஏரித் தண்ணி ரொம்பிடுச்சு ஏத்தம் ரெண்டும் சாஞ்சிடுச்சு
ஏழை நெஞ்சு காஞ்சிடுச்சு எட்டிப் பார்க்க வல்லையா

ராகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவசு காலத்தில், சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் போட்டுக்கொண்டு மாதா அழுவதாகப் பெண்கள் பாடும் ஒப்பாரி. அம்மாவுக்கு நல்ல தொண்டை. எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை அவள்தான் முன்னால் பாடுவாள், மற்றவர்கள் பின்பாட்டு. அதனால் வயலிலும் அவள் ஒரு வரி பாடி நிறுத்தியதும் மற்றப் பெண்கள் பழக்கத்தில் வாங்கிப் பாடிவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. கடைசிக் கண்ணி வந்தது.

சூசைமுத்து சூசைமுத்து சொல்லக் கூடாப் பேரைச் சொன்னேன்
சொன்ன வாய் நோகுதய்யா சோத்துக்கில்ல, உன் முகத்துக்கு

பெண்கள் நாற்றைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்களாம். புருஷன் பேரை எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். கோயில் பதிவில் எழுதக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். அம்மா அதை ராகம் போட்டு இழுத்து, பத்துப் பதினைந்து பேர் நடுவில் சொல்லிவிட்டாள்.

"எனக்கு வெக்கமாப் போச்சுடி" என்றாள் ஞானம் பெரியம்மா. "ஆனா வாய் சும்மா இருக்கல. நானும் பாடிட்டேன்."

அவளுடைய புருஷனும் மலாயாவில்தான் இருந்தார். தன் புருஷன் பேரை அவளால் சொல்ல முடியாது. என் அப்பா பேரைச் சொல்வதில் அவளுக்குத் தடை ஒன்றுமில்லை.

3

பாட்டு பரவியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். கூலிக்குப் போன ஊர்களில் எல்லாம் பெண்கள் அதைக் கொண்டுபோனார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊருக்கு ஊர் முன்வரிகள் மாறின. ஏரி ஒரு இடத்தில் கிணறு ஆனது, கைப்பிள்ளை ஒரு இடத்தில் கன்றுக்குட்டி ஆனது. கடைசிக் கண்ணியில் மட்டும் சூசைமுத்து அப்படியே இருந்தார். மலாயாவிலும் பர்மாவிலும் காணாமல்போன ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு பேர்தான்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது கடலை பிடுங்கப் பெரம்பலூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள் அம்மா. அங்கே சந்தையில் அரும்பாவூரிலிருந்து வெற்றிலை கொண்டுவந்த ஒரு பெண், கூடையை அடுக்கிக்கொண்டே அதைப் பாடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம். எங்கள் வேதமும் இல்லை, எங்கள் ஊரும் இல்லை. பக்கத்தில் வளையல் கடை வைத்திருந்த பாய் ஒருவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா, நின்னுட்ட? உங்க ஊட்டுலயும் மலாயாவா?" என்று அம்மாவைக் கேட்டார். "எங்க மச்சான் பினாங்குல இருந்தாரு. அல்லாதான் பார்த்துக்கணும். அந்தச் சூசைமுத்து யாரோ, அவன் பொண்டாட்டி அழுவுறது ஜில்லா பூராக் கேக்குது. அவன் காதுல மட்டும் விழல பாரு."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பிடித்து இழுத்து நடந்தாள். தன்னுடைய பாட்டு என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் ரீத்தா இல்லை. சூசைமுத்து மவ. நான் உள்ளே நுழைந்தால் பையன்கள் "கைப்புள்ள கேக்குதய்யா" என்று ஆரம்பிப்பார்கள். பாட்டில் இருக்கிற கைப்பிள்ளை நான்தான். வாத்தியார் அதட்டுவார், ஆனால் அவருக்கும் சிரிப்பு வரும். அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் சொன்னால், "நான் என்னடி பண்ணுவேன், வாயிலருந்து போனது போனதுதான்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் கோயில் உபதேசியார் அம்மாவை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் வீடுதேடி வந்து ஜெபம் சொல்பவர். அவருக்கு உண்மையாகவே மனசு நொந்திருந்தது.

"ஏம்மா, மாதா அழுத ராகத்துல மனுசனுக்கு அழுவுறியே. உனக்குப் பாவமாத் தெரியலையா?"

"எனக்கு வேற ராகம் தெரியாதுங்க" என்றாள் அம்மா.

"சரி. புருஷன் பேர ஊரெல்லாம் இழுக்கலாமா?"

"கூப்புட்டாத்தானங்க வருவாங்க. பேரைச் சொல்லாம எப்படிங்க கூப்புடுறது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் உபதேசியாருக்குக் கோபத்தை உண்டாக்கியது என்று நினைக்கிறேன். அம்மா கோயில் வாசலில் முழங்கால் போட்டுச் செபமாலை சொல்ல வேண்டும் என்றார். அவள் மண்ணில் முழங்கால் போட்டாள். பூசைக்கு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். நான் ஞானம் பெரியம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அன்றைக்கு எனக்கு அம்மாமேல் இரக்கம் வரவில்லை. இவள் ஏன் மற்ற அம்மாக்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது என்றுதான் இருந்தது.

4

சண்டை முடிந்து கப்பல் விட்டார்கள். மெட்ராசில் இறங்கி ரயிலில் அரியலூருக்கு வந்து சேர்ந்தார்கள் சிலர். யாராவது வந்ததாகச் சேதி கிடைத்தால் அம்மா ஸ்டேஷனுக்கு நடந்துபோவாள். சில தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வந்தவர்கள் எலும்பும் தோலுமாக இறங்குவார்கள். அவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், "ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆளு யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்பாள். பேரைச் சொல்லமாட்டாள். சொன்னால் பாட்டுக்காரி என்று தெரிந்துவிடும்.

ஸ்டேஷனில் கண் தெரியாத பாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். ரயில் வந்து நின்றால் பெட்டி பெட்டியாக அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு போவார். ஜன்னல் வழியாகச் சில்லறை விழும். அதைக் கேட்டுக்கொண்டு அம்மா தூணோரம் நிற்பாள்.

ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். அம்மா தனியாகப் போய்விட்டு வந்தாள். வந்தவள் முகத்தைக்கூடக் கழுவாமல் மூலையில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்தப் பாட்டைப் பாடவில்லை. ஸ்டேஷனுக்கும் போகவில்லை. வயலில் மற்றவர்கள் ஆரம்பித்தால், "வேணாம், அது நல்ல பாட்டு இல்ல, வுட்டுடுங்க" என்று கெஞ்சினாள். யாரும் விடவில்லை. பாட்டு அவளைக் கேட்டுக்கொண்டு நடக்கிற காலம் போய்விட்டது. ஒரு நாடகக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. ஓட்டுக் கேட்க வந்தவர்கள் அதே மெட்டில் வேறு சொல் போட்டுப் பாடினார்கள். எழவு வீட்டில் பாடினார்கள், தூளி ஆட்டும்போதும் பாடினார்கள். பிள்ளையைத் தூங்கவைக்க அந்தச் சொற்கள் எப்படிப் பொருந்தின என்று எனக்கு இன்னும் தெரியாது.

5

பத்தொன்பது வயதில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வரதராஜன்பேட்டை. மலாயாவில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வேலை. மற்றப் பெண்கள் அக்கரை என்றால் அழுவார்கள். நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். அந்தப் பாட்டு இல்லாத ஊருக்குப் போகிறோம் என்று நினைத்தேன்.

இங்கே வந்த புதிதில் எதைப் பேசினாலும் தப்பாகவே போனது. பக்கத்து வீட்டு அம்மா காலையில் என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். எங்களைச் சோற்றுக்கு இல்லாதவர்கள் என்று நினைத்துவிட்டார் என்று எனக்குச் சுருக்கென்றது. "நாங்க ஒண்ணும் பசியில கெடக்கலீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று என் வீட்டுக்காரர் விளக்கியபோது, அந்த அம்மா முகத்தில் விழிக்கவே பல நாள் கூச்சமாக இருந்தது.

அடையாள அட்டைக்காக ஆபீசுக்குப் போனோம். குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு அட்டை. பல தடவை அலைந்தோம். ஊர்ப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள், பிறந்த தேதியைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, ஏரி நிறைந்ததற்கு முன்னால் என்று மட்டும் தெரியும். ஒரு நாள் கவுண்டரில் தமிழர் ஒருவர் இருந்தார்.

"அப்பா பேரு?"

"சூசைமுத்து."

அவர் பேனாவை நிறுத்தினார். "பாட்டுல வர்ற சூசைமுத்தா?" என்று சிரித்தார். பாட்டு எனக்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டிருந்தது.

என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். "தப்பா நினைச்சுக்காதீங்க. பேராக்குல எங்க அண்ணன் இருக்கிற தோட்டத்துல ஒரு கால் ஊனமான பெரியவர் இருக்காரு. இந்தப் பாட்டை யாராவது பாடினா எழுந்து வெளியில போயிடுவாரு. அந்தோணின்னு பேரு. நாங்க அவரைக் கிண்டலாச் சூசைமுத்துன்னுதான் கூப்பிடுவோம். அந்த ஞாபகத்துல சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "அப்பா உயிரோட இருக்காரா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

வீட்டுக்காரரிடம் அழுது கேட்டு அடுத்த விடுமுறையில் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டு வாசலில் அந்தப் பெரியவர் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வலது புருவத்தில் தழும்பு. மாடு முட்டியது என்று அம்மா சொல்லியிருந்த அதே தழும்பு. "ஏலாக்குறிச்சிப் பக்கம். சவரியம்மா மவ நான்" என்றேன். கத்தியைக் கீழே வைத்தார். என்னை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேசினார். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். காட்டில் காலில் புண் வந்து அழுகியது. உடன் போனவர்களில் பலர் திரும்பவில்லை. வரதராஜன்பேட்டைப் பங்காளியை அவரே புதைத்தார். பிழைத்து வந்து, கப்பல் விட்டதும் ஏறிவிட்டார்.

"வந்தீங்களா?" என்றேன்.

"அரியலூர் வரைக்கும் வந்தேன்."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவர் மேலே சொன்னார்.

"டீக்கடையில உக்காந்தேன். கண்ணு தெரியாத ஒருத்தன் பாடிக்கிட்டு வந்தான். மாதா ராகம். நம்ம கோயில் பாட்டாச்சேன்னு கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் என் பேரு வந்துச்சு." கத்தியை ஓரமாகத் தள்ளினார். "அது யாருங்க சூசைமுத்துன்னு கேட்டேன். 'யாரோ ஒரு படுபாவி. பொண்டாட்டி புள்ளைய வுட்டுட்டு மலாயாவுல உல்லாசமா இருக்கான். சின்னப் புள்ளைக்கிக்கூட அவன் பேரு தெரியும்'னாரு கடைக்காரரு. சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. உங்க பேரு என்னன்னு கேட்டாங்க. அந்தோணின்னு சொன்னேன்."

"ஏம்ப்பா?"

"காலப் பாரு. கையில ஒண்ணும் கெடையாது. அந்தப் பேரத் தூக்கிக்கிட்டு எந்த மூஞ்சியோட ஊருக்குள்ள வர்றது? அடுத்த ரயில்ல மெட்ராசுக்கே போயிட்டேன். துறைமுகத்துல மூட்டை தூக்கி, திரும்பக் கப்பலேறிட்டேன்."

அவரைக் கூப்பிடக் கட்டிய பாட்டு அவரை வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் அவர் கேட்டார், "அவ இன்னும் பாடுறாளா?"

6

இதைக் கடிதத்தில் எழுத எனக்குத் துணிச்சலில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, வேறு யாராவது படித்துச் சொல்வார்கள். அடுத்த வருஷம் நானே ஊருக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அம்மா அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உனக்குக் காய்ச்சலடிச்ச அன்னைக்கு ஸ்டேஷன்ல டீக்கடைக்காரரு சொன்னாரு. நொண்டிக்கிட்டு ஒருத்தன் வந்தான், இந்தப் பாட்டக் கேட்டுட்டு டீயக்கூடக் குடிக்காம வச்சுட்டுப் போயிட்டான்னு. புருவத்துல தழும்புன்னாரு. அவுங்கதான்னு தெரிஞ்சுபோச்சு." சுள்ளியை வெளியே இழுத்துத் தணலைத் தட்டினாள். "நான் பேரச் சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பாங்க. நான்தான்டி தொரத்துனேன். இத யாருகிட்ட போயிச் சொல்றது?"

அவர் அங்கே வெட்கப்பட்டு ஒளிந்திருந்தார். இவள் இங்கே வெட்கப்பட்டு வாயை மூடியிருந்தாள். நடுவில் இரண்டு தாலுகாவும் அதைப் பாடிக்கொண்டிருந்தது.

அப்பாவைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன். அம்மா பதறிவிட்டாள்.

"வேணாம். ஞானத்தோட புருஷன் வல்ல. தெருவுல யாரு புருஷனும் வல்ல. அவங்கள்லாம் இன்னும் அந்தப் பேரச் சொல்லித்தான் அழுவுறாங்க. என் புருஷன் மட்டும் வந்து நின்னா நான் அவங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்?"

சுள்ளியைத் திரும்ப அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே, "கப்பல்ல பொம்பளைங்க தனியாப் போறாங்களா?" என்று கேட்டாள்.

மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு என்னோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினாள். பினாங்கு துறைமுகத்தில் அதிகாரி, புருஷன் பேர் என்ன என்று கேட்டபோது வாயே திறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு" என்று முழங்கையால் இடித்தாள். நான் சொன்னேன்.

அப்பா வெளியில் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், என் வீட்டுக்காரருடையது, தோள் தொங்கியது. அவர் அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கினார். அவள் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் போகும்போது பாதி வழியில் அவள், "காலு மழைக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். "வலிக்கும்" என்றார்.

பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தோட்டத்தில் சேர்ந்து இருந்தார்கள். கிளாரா அங்கே போய்ப் பள்ளி விடுமுறையைக் கழிப்பாள். வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் பாட்டி எழுந்துபோய் நிறுத்துவார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குச் சொல்லாதே என்று இரண்டு பேருமே என்னிடம் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது லயத்தில் ஒரு கல்யாணம். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் அந்தப் பாட்டை எடுத்தார்கள். அப்பா வழக்கம்போல எழுந்தார். இரண்டடி வைத்துவிட்டு நின்றார். திரும்பி வந்து, "அது இவ கட்டுன பாட்டு. நான்தான் அந்தச் சூசைமுத்து" என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பெரிதாகச் சிரித்தார்கள்.

"போங்க தாத்தா. பக்கத்துத் தோட்டத்துக் காவக்காரரும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் ஒருத்தி. "கிண்டலாக் கூப்புட்டா நெசமாயிடுமா? உங்க பேருதான் அந்தோணியாச்சே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அப்பா முதலில் போனார், என் வீட்டுக்கு வந்துவிட்ட அம்மா அடுத்த தவசு காலத்தில் போனாள். மகள் வீட்டில் காலமானாள் என்று ஊருக்குச் சேதி அனுப்பினேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை.

7

அரங்கத்திலிருந்து திரும்பும்போது காரில் கிளாராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"தாத்தாவா? நம்ம தாத்தாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு, "இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?" என்றாள்.

"வெக்கம்" என்றேன்.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

அவள் இந்த ஊரில் பிறந்தவள். புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள். தண்ணீர் இறைக்கிற ஏத்தம் என்றால் மலை ஏறுவதா என்று கேட்டவள். அம்மா முழங்கால் போட்டதைச் சொன்னபோது கோபப்பட்டாள், அப்பா பேரை மாற்றிச் சொன்னதைச் சொன்னபோது அழுதாள். தலைகுனிந்து நடந்த எங்கள் வருஷங்களை மட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

போன வாரம் மறுபடி பாடினாள். என்னிடம் அனுமதி கேட்டாள், சரி என்றேன். இந்த முறை மேடையில் இப்படிச் சொன்னாள்: "இந்தப் பாட்டைக் கட்டினது சவரியம்மாள், என் பாட்டி. சூசைமுத்து என் தாத்தா. அவர் வந்தார். அரியலூர் ஸ்டேஷன்ல இந்தப் பாட்டைக் கேட்டார். வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிட்டார்." அவர்கள் சேர்ந்ததை அவள் சொல்லவில்லை. பாட்டுக்கு அது பொருந்தாது என்று நினைத்திருக்கலாம். "எங்கம்மா இங்கேதான் உக்காந்திருக்காங்க" என்று கையைக் காட்டினாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. குனிந்துவிட்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பெண்மணி, நான் அழுகிறேன் என்று நினைத்து, பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு வியர்த்திருந்தது, அவ்வளவுதான். வாங்கித் துடைத்துக்கொண்டேன்.